பெருமாயியின் காடு சும்மா இருந்தது

தரிசு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நிலத்தில் காலை வைத்துப் பார்க்காமல், மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேனாவை ஒரு உதறு உதறி, தரிசு என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவனைக் கண்டால் அவன் கையை முறித்தால் என்ன என்று தோன்றும். இத்தனைக்கும் அப்படி எழுதிய ஒருவருக்குப் பக்கத்தில் நின்று அளவைச் சங்கிலி பிடித்தவன் நான்தான். முதலில் என்னைத் திட்டிவிட்டு மேலே படியுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் சுப்பையன். ஊர் சேந்தமங்கலம். பதினேழு வருஷமாக நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி இழுக்கிறேன். கொல்லிமலையில் என் கால் படாத ஊர் கிடையாது. அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு என்பார்கள். ஆலத்தூர் நாட்டில் பெருமாயி என்று ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். கோயில் கட்டியவளில்லை, கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவளுமில்லை. மலையில் கொத்தும் கூடையுமாக வாழும் நூறு பெண்களில் ஒருத்தி. அவளுக்கு நாங்கள் செய்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும். செய்தவர்கள் எழுதமாட்டார்கள். எனவே, கூட நின்றவன் எழுதுகிறேன்.

பெருமாயி பிறந்தது அதே மலையில் பைல் நாட்டில். ஆலத்தூர் நாட்டு அப்பாசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சின்னக்கண்ணு என்று ஒரே மகள் பிறந்த மறு வருஷம் அப்பாசாமி மலைக்காய்ச்சலில் படுத்தான். ஐந்தாம் நாள் போய்விட்டான். மறுபடியும் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் வந்தார்களாம். "காட்டுல பன்னி வெரட்டவே எனக்கு நேரம் பத்தல. இதுல உன்னையும் வெரட்டோணுமா?" என்று கேட்டாளாம். இரண்டாவது ஆள் அதைக் கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்தான் என்று ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

துணையில்லாமல் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். அந்த ஊருக்கு நான்கு மலைச்சரிவுகள். ஏர் ஏறாது, கையால் கொத்தித்தான் விதைக்க வேண்டும். கொத்துக்காடு என்பார்கள். நான்கு சரிவிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. ஒரு நேரத்தில் ஒரு சரிவில்தான் விதைப்பு. முதல் வருஷம் கேழ்வரகு, அடுத்த வருஷம் சாமை, மூன்றாம் வருஷம் தினையோடு மொச்சை. அதோடு சரி. பிறகு ஒன்பது வருஷம் அந்தச் சரிவில் ஒருவரும் கொத்து வைக்கக் கூடாது. செடி முளைக்கும், புதர் மூடும், தழை உதிர்ந்து மக்கும், மண் மறுபடியும் கறுக்கும். பெரிய மரங்களைத் தொடவே மாட்டார்கள். கிளையை மட்டும் கழிப்பார்கள். எந்தச் சரிவை எப்போது திறப்பது என்று பெரியண்ணன் கோயில் முன்னால் கூடி முடிவு செய்வார்கள். தனியாக எவனும் திறக்க முடியாது. திறக்கிற அன்றைக்கு, கொத்த ஆம்பிளை ஆளில்லாத வீட்டுப் பங்கைத்தான் எல்லோருமாக முதலில் கொத்திக் கொடுக்க வேண்டும். பெருமாயியின் பங்கு இருபது வருஷமாக அப்படித்தான் கொத்தப்பட்டது. மண்ணுக்கும் ஓய்வு, எல்லார் வீட்டுப் பானையிலும் தானியம், தாலியறுத்தவளும் பிச்சைக்குப் போகவில்லை. எந்தத் துரை வந்து சொல்லிக் கொடுத்தான் இதை?

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரிவாயுவில் ஓட ஆரம்பித்தன. பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து ஓட்டினார்கள். கரி வேண்டும், கரி வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. மலையில் தரிசு எங்கெங்கே கிடக்கிறது, மரம் எவ்வளவு நிற்கிறது, கணக்கெடு என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அர்த்தனாரியை அனுப்பினார்கள். சங்கிலியோடு நானும் போனேன். நாற்பத்திரண்டாம் வருஷம், தை மாதம்.

அன்று காலை தண்ணீர் கேட்டு வரச் சொல்லி என்னைப் பெருமாயி வீட்டுக்கு அனுப்பினார் இன்ஸ்பெக்டர். வாசலிலேயே அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுங்கண்ணா. உள்ளாற மவ சும்மா இருக்கா."

"சும்மாத்தானே இருக்கிறாள், ஒரு செம்பு தண்ணி கொண்டுவரச் சொல்லேன் அம்மிணி" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடக் கடவுளே! கீழ்நாட்டாருக்கு இதுகூடத் தெரியாதா? புள்ள பெத்துப் பதினோரு நாளாச்சுங்க. பெத்தவ சும்மா இருக்கோணும். அவளா எந்திரிக்கிற மட்டும் ஆரும் அவள ஒரு வேல ஏவக் கூடாது. ஏவுனா ஊர்ல கேப்பாங்க."

தண்ணீரோடு வறுத்த மொச்சையும் கொடுத்து அனுப்பினாள். சும்மா என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது இப்படி எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை.

மத்தியானம் கிழக்குச் சரிவுக்குப் போனோம். ஒன்பது வருஷம் முடிந்து, வருகிற சித்திரையில் திறக்க வேண்டிய சரிவு அது. மேற்குச் சரிவில் மூன்றாம் வெள்ளாமை அறுத்தாகிவிட்டது. கிழக்குக் கிடைக்காவிட்டால் பெருமாயிக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் ஒருவருக்கும் தானியம் விதைக்கக் காடில்லை. பெருமாயி அங்கே பங்கின் எல்லைக் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்க் கவுண்டர் காளியண்ணன் வேறு வேலையாகப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளையே கேட்டார்.

"ஏ பொம்பளே, இந்தக் காட்டில் என்ன வெள்ளாமை?"

"வெள்ளாமை இல்லீங்க சாமி. காடு சும்மா இருக்குதுங்க."

"எத்தனை வருஷமாக?"

"ஒம்போது வருசமாச்சுங்க. நல்லாச் சும்மா இருந்திருக்குதுங்க." பெருமையாகச் சொன்னாள். பிள்ளை பெற்ற மகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்கிற பெருமை.

இன்ஸ்பெக்டர் பேனாவை உதறினார். ஒன்பது வருஷத் தரிசு, சாகுபடியாளர் எவருமில்லை, இது மேற்படி பெருமாயியே சொன்ன வாக்குமூலம் என்று எழுதினார். அவள் கட்டைவிரலில் மை தடவி அமுக்கினார்.

"என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டாள் பெருமாயி.

"நீ சொன்னதைத்தான்."

நான் வாயைத் திறந்தேன். "எசமான், இவங்க பேச்சில் சும்மா என்றால்..."

"உனக்குச் சம்பளம் சங்கிலி பிடிக்கவா, வியாக்கியானம் பண்ணவா?"

வாயை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷ உத்தியோகத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

சித்திரையில் ஊரார் கொத்தோடு போனபோது கிழக்குச் சரிவில் நாற்பது கூலியாட்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரி காண்டிராக்ட் எடுத்த மரக்கடை ராசப்பன் கையில் குத்தகைக் கடுதாசி இருந்தது. மூன்று வருஷத்துக்குச் சரிவு அவனுடையது. காளியண்ணனும் பெருமாயியும் இன்னும் ஐந்து பேரும் அப்படியே மலையிறங்கிச் சேந்தமங்கலம் ஆபீசுக்கு வந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

காளியண்ணன் பயந்த மனிதர். கும்பிட்ட கையை இறக்காமல் பேசினார். இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து வாசித்தார். பெருமாயியே சொன்னாள் என்ற இடம் வந்ததும் ஐந்து பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம். அவள் முகம் கறுத்துவிட்டது.

"சும்மா இருக்குதுன்னு சொன்னனுங்க. தரிசுன்னு ஆரு சொன்னா?"

"இரண்டும் ஒன்றுதானே."

"ஒண்ணா?" குரல் உயர்ந்தது. ஆபீசில் எழுதிக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். "ஏனுங்க, உங்க ஊட்டுல புள்ள பெத்தவ சும்மா இருந்தா, அவளத் தரிசுன்னு எழுதி ஏலம் போட்ருவீங்களா?"

ஒரு குமாஸ்தா களுக்கென்று சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அர்த்தனாரிக்கு மூக்கு சிவந்தது. வெளியே போ என்று கத்தினார். அவள் போகவில்லை. என்னைக் கண்டுவிட்டாள்.

"இந்த அண்ணன் இருந்தாருங்களே! காலையில மவ சும்மா இருக்கான்னு நான் சொன்னதுக்கு அர்த்தம் கேட்டாரு. சொன்னேன். அவரையே கேளுங்க. சொல்லுங்கண்ணா!"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். என் வீட்டில் அப்போது நாலு வாய். சங்கிலியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. என்னவெல்லாம் யோசித்தேன் என்று சொல்கிறேன்.

"எனக்கு ஞாபகமில்லீங்க எசமான்" என்றேன்.

பெருமாயி என்னைத் திட்டவில்லை. சாபம் விடவில்லை. என் காலடியில் துப்பிவிட்டு வெளியே போனாள்.

ராசப்பன் மரத்தை வெட்டியதோடு விட்டானா? வேரைக்கூடத் தோண்டி எடுத்தான். வேர்க்கரி நின்று எரியுமாம். சரிவு முழுக்க மூட்டம் போட்டுக் கரி சுட்டான். ஆறு மாதம் அந்த ஊரில் சோற்றைத் தின்றாலும் புகை நாறியது. ஐப்பசி மழை ஒரே வாரத்தில் வேலையை முடித்தது. பிடித்துவைக்க வேர் இல்லாத மண் மொத்தமாக இறங்கிக் கீழே ஊருக்கு இருந்த கொஞ்சம் நெல் வயலையும் மூடியது. மேலே பாறை தெரிந்தது. பங்குனியில் சரிவின் அடியிலிருந்த ஊற்று நின்றுபோனது. ஒன்பது வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை அந்தப் படுபாவி ஒன்பது மாதத்தில் தின்று ஏப்பம் விட்டான். நான் நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து கரி நாற்றம் அடிக்கும். பெருமாயியின் காட்டை எரித்துத்தான் நான் நாமக்கல் போகிறேன் என்று நினைப்பு வரும். ஆனாலும் போனேன். நடந்து போகவில்லை.

மரம் வெட்டிய அந்தச் சித்திரையிலேயே ஊருக்கு விதைக்க இடம் வேண்டுமே. ஆறு வருஷமே ஓய்ந்திருந்த வடக்குச் சரிவைத் திறப்பது என்று காளியண்ணன் கூட்டத்தில் சொன்னார். பெருமாயி கூடாது என்றாள். "இன்னும் மூணு வருசம் பாக்கி இருக்குது. அதையும் கெடுத்துட்டா பொறவு எங்க போவீங்க?" அவள் பேச்சை யார் கேட்பார்கள்? "நீ வாய வெச்சதாலதான் கெழக்கு போச்சு" என்றான் ஒருவன். பங்குக்கு வரும் தானியம் குறையப்போகிறது என்று தெரிந்ததும், அவனவன் பங்கை அவனவன் கொத்திக்கொள்ளட்டும், ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் கொத்த முடியாது என்று இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

அன்றைக்குப் பெருமாயி சொன்னதைக் காளியண்ணனே பிற்பாடு என்னிடம் தலைகுனிந்து சொன்னார். "ராசப்பன் மரத்தத்தான் வெட்டுனான். நீங்க ஊரயே வெட்டுறீங்க" என்றாளாம்.

தன் பங்கை அவள் தனியாகக் கொத்தினாள். பாதியைத்தான் கொத்த முடிந்தது. வந்த கேழ்வரகு தை வரைக்கும் கூடப் பற்றவில்லை. சின்னக்கண்ணும் அவள் புருஷனும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஜல்லி உடைக்கக் கீழே இறங்கினார்கள். அவர்களோடு இன்னும் நாலு குடும்பம் இறங்கியது. சேந்தமங்கலம் ரோட்டோரத்தில் சின்னக்கண்ணு வெயிலில் உட்கார்ந்து கல் உடைப்பதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாக ஆபீசுக்குப் போனேன்.

நாற்பத்தைந்தில் ராசப்பன் குத்தகை முடிந்தது. மொட்டைப் பாறையை வைத்து அவன் என்ன செய்வான்? விட்டுவிட்டுப் போனான். அதே சமயம் ஆபீசுக்கு இன்னொரு உத்தரவு வந்தது. ஊரெல்லாம் பஞ்சம், தானியம் விளைவிக்க வேண்டும், தரிசை உடனே சாகுபடி செய்கிறவருக்குப் பட்டா கொடு என்று. வருஷாவருஷம் சாகுபடி தெரிய வேண்டும். ஒரு வருஷம் விட்டாலும் பட்டா ரத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் மரத்தை வெட்டு என்றவர்களும் இவர்களே, இப்போது மண் போன இடத்தில் வெள்ளாமை எடு என்பவர்களும் இவர்களே. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நான் மனுக் கடுதாசியோடு தனியாக மலையேறினேன். பெருமாயி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒம்போது வருசம் சும்மா இருந்த மண்ணையே மூணு வருசத்துக்கு மேல தொட மாட்டோம். இப்ப எலும்பு தெரியக் கெடக்குது. இத வருசாவருசம் கொத்துன்னு சொல்றவன் சோறு திங்கறானா, வேற எதாச்சும் திங்கறானா?" முறத்தைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"கொத்தாவிட்டால் மறுபடியும் தரிசு என்று எழுதுவார்கள் அம்மிணி. ராசப்பன் மாதிரி இன்னொருவன் வருவான்."

"எழுதுவாங்க. கை இருக்குதல்ல."

கொத்தினால் அந்த மண் இனி எழுந்திருக்காது. கொத்தாவிட்டால் நிலமே அவர்களுக்கு இல்லை. அவள் கோபம் எனக்குத் தெரியும்; அன்றைக்குத்தான் அவள் பயத்தைப் பார்த்தேன். கடைசியில் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஆபீசரு எங்க நின்னுட்டுப் பாப்பாரு?"

"பாதையில்தான். சரிவில் ஏறமாட்டார். தொப்பை விடாது."

"அப்ப பாதையோரத்துல வெதச்சாப் போதும்" என்று எழுந்தாள். கடுதாசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு காளியண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அவர்களிடம் என்ன பேசினாள், யாரை எப்படித் திட்டினாள் என்று எனக்குத் தெரியாது. முதல் மழைக்கு, எஞ்சியிருந்த குடும்பங்கள் அத்தனையும் கிழக்குச் சரிவுக்கு வந்தன. தன் பங்கைத் தான்தான் கொத்துவேன் என்று கூட்டத்தில் எழுந்த இருவரும் வந்தார்கள். பாதையை ஒட்டிப் பத்து முழ அகலத்துக்கு மட்டும் கொத்தி, சாமையை நெருக்க விதைத்தார்கள். அதற்கு மேலே ஒரு விதை போடவில்லை. வயலில் கிடந்த கல்லைச் சுமந்துபோய்ச் சரிவின் குறுக்கே வரிசையாக வைத்தார்கள், மிச்சமிருக்கிற மண்ணாவது நிற்கட்டும் என்று. மற்றபடி காட்டைத் தொடவில்லை.

புரட்டாசியில் இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி வந்தார். பாதையில் நாற்காலி போட்டார்கள். எதிரே செங்குத்தான கரையில் இடுப்புயரச் சாமை கதிர் தள்ளி, மேலே இருப்பதை மறைத்து நின்றது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. "மேலே போய்ப் பார்த்துவிட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

சாமையைத் தாண்டி ஏறினேன். பத்து முழத்தோடு பயிர் முடிந்தது. மேலே கல் வரிசை, கரி மூட்டக் குழிகள், பாறை. கல் ஓரங்களில் தேங்கிய மண்ணில் விரல் நீளத்துக்கு ஏதோ தளிர்கள். உச்சி வரைக்கும் போய்விட்டு இறங்கினேன். பாதையோரத்தில் பெருமாயியும் காளியண்ணனும் ஊராரும் நின்றார்கள்.

"என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உச்சி வரைக்கும் சாமைதானுங்க எசமான். ஒரு முழம் பாக்கியில்லை."

சாகுபடி என்று எழுதினார். அவரவர் பங்குக்குப் பட்டா தர உத்தரவு போட்டுவிட்டு, இளநீர் குடித்து, டோலியில் ஏறிப் போய்விட்டார். ஊரார் முகத்தில் உயிர் வந்தது. காளியண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து அழுதார். எனக்குள் ஒரு மிதப்பு. மூன்றரை வருஷப் பாவத்தை ஒரே வார்த்தையில் கழுவிவிட்ட மாதிரி. பெருமாயியும் ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று அவளிடம் போனேன். அவள் ஏற்கனவே குனிந்து சாமைக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"அன்னைக்கி நெசத்தச் சொல்லுங்கண்ணான்னு கெஞ்சுனேன். நாக்கு எந்திரிக்கல. இன்னைக்கிப் பொய் மட்டும் எப்புடிங்க இத்தன சுளுவா வந்துச்சு?"

நான் சாமைக்குள் நின்றேன்.

"என்ன நிக்கிறீங்க? பெரிய புண்ணியம் கட்டிக்கிட்டதா நெனப்பா?" கையிலிருந்த களையை உதறி வீசினாள். "அடுத்த புரட்டாசிக்கும் ஆபீசரு வருவாரு. அதுக்கடுத்த வருசமும் வருவாரு. அந்த மண்ணு எந்திரிக்க ஒம்போது வருசம் ஆவும். ஒம்போது வருசமும் நீங்கதான் சங்கிலியப் புடிச்சுட்டு வரோணும், இதே பொய்யச் சொல்லோணும். ஒரு வருசம் தவறுனாலும் உங்க ஊட்டு வாசல்ல வந்து நிப்பேன். போங்க, சாமைய மிதிக்காமப் போங்க."